வலி மாத்திரையோடு சத்து மாத்திரை கேட்பவர்களுக்கு

சோமனூர்ப் பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். தறியில் 12 மணி நேரம் நின்றுவிட்டு வருபவர்கள், "வலி மாத்திரை கொடுங்கள் அண்ணா, வயிறு புண்ணாகாமல் இருக்க ஒரு பி காம்ப்ளெக்ஸும் சேர்த்துக் கொடுங்கள்" என்பார்கள். கொடுத்தால் எனக்கு வியாபாரம்தான். ஆனால் பி காம்ப்ளெக்ஸ் வயிற்றுக்குக் காவல் நிற்காது, சிறுநீரைத்தான் மஞ்சளாக்கும்.

டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் எல்லாம், வலியைத் தூண்டுவதோடு இரைப்பையையும் காக்கும் புராஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உடலில் சுரப்பதைக் குறைக்கின்றன. வலி அடங்குவதும் அதனால்தான், இரைப்பையின் காப்புப் படலம் மெலிவதும் அதனால்தான். சாப்பிட்டுவிட்டுப் போட்டால் எரிச்சல் குறையும். ஆனால் மருந்து ரத்தத்தின் வழியாகவும் இரைப்பையைத் தொடுவதால் புண்ணே வராது என்று சொல்ல முடியாது. குறைந்த அளவு, குறைந்த நாட்கள்: இதுதான் காப்பு. வயதானவர்களும் முன்பே அல்சர் வந்தவர்களும் மருத்துவரைக் கேட்டு, இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் சேர்த்துக்கொள்ளலாம்.

வைட்டமினுக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. இடுப்பு வலிக்கு டைக்ளோஃபெனாக்கோடு பி1, பி6, பி12 சேர்த்தபோது வலி சீக்கிரம் தணிந்ததாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. அப்படித் தணிந்தால் வலி மாத்திரையைச் சீக்கிரம் நிறுத்தலாம், லாபம் அவ்வளவுதான். பான்டோபிரசோலையோ சர்க்கரைக்கு மெட்ஃபார்மினையோ வருடக்கணக்கில் போடுபவர்களுக்குப் பி12 குறையலாம். பாதம் மரத்துப்போனால் ரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள். பி6-ஐ அதிக அளவில் நெடுநாள் விழுங்கினாலும் பாதம் மரத்துப்போகும். ஆஸ்பிரின் போடுபவர்கள் வைட்டமின் இ-யை அதிக அளவில் தொட வேண்டாம், ரத்தக்கசிவு கூடும்.

அட்டையைத் திருப்பிப் படியுங்கள். "அசிக்ளோஃபெனாக் 100 மி.கி., பாராசிட்டமால் 325 மி.கி." என்று பொடி எழுத்தில் இருக்கும். இதைப் போட்டுக்கொண்டே காய்ச்சலுக்கு 650 மி.கி. பாராசிட்டமாலும் போடுபவர்களே அதிகம். நல்ல உடல்நிலையில் உள்ள பெரியவருக்கும் ஒரு நாளைக்கு 4,000 மி.கி. உச்ச வரம்பு, குடிப்பவர்களுக்கு அதைவிடக் குறைவு. அளவு மீறிக் கல்லீரல் கெட்டால் எந்தச் சத்து மாத்திரையும் மீட்காது.

மஞ்சள் வெட்டும் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் டைக்ளோஃபெனாக் போடுவது சிறுநீரகத்துக்கு ஆபத்து. மாட்டுக்குப் போட்ட இதே மருந்துதான் அதன் சடலத்தைத் தின்ற பாறு கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றது. 2006-இல் இந்தியாவில் இதைக் கால்நடைகளுக்குப் போடத் தடை வந்தது. நீலகிரிப் பக்கம் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் மிஞ்சிய கழுகுகள் கொஞ்சம்தான்.

மலம் தார்போலக் கறுத்தால் இரைப்பையில் ரத்தம் கசிகிறது என்று பொருளாகலாம்; வலி மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தைக் கறுப்பாக்கும் என்பதால், அதைச் சாப்பிட்டு வந்தால் மறக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.