கடையில் தேன், வீட்டில் ஊசி: சின்ன அறைக்கு ஸ்பீக்கர் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. தரையில் டைல்ஸ், நாலு பக்கமும் பட்டி பார்த்து பெயின்ட் அடித்த சுவர், மேலே கான்கிரீட் தளம். நம்மில் பலர் பாட்டுக் கேட்பது இப்படி ஓர் அறையில்தான். புது ஸ்பீக்கர் வந்த முதல் நாள் எல்லாமே துல்லியமாகக் கேட்கும். ஒரு வாரம் போனால், பிடித்த பாட்டு ஓடும்போதே கை தானாக வால்யூமைக் குறைக்கும். தலை லேசாகக் கனக்கும். இந்தக் காது அலுப்புக்கு விதை பெரும்பாலும் வாங்கும் நாளிலேயே விழுந்துவிடுகிறது.

முதல் தவறு, ஐந்து நிமிட டெமோவை நம்புவது. மனிதக் காதுக்குக் கூர்மை அதிகம் இருப்பது சுமார் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை. அந்த இடத்தைக் கொஞ்சம் தூக்கிவிட்ட ஸ்பீக்கர், பக்கத்தில் இருக்கும் ஒழுங்கான ஸ்பீக்கரைவிட ‘தெளிவாக’ இருப்பதாகத் தோன்றும். நான் முதலில் வாங்கிய ஜோடி அப்படிப்பட்டது. கஞ்சிராவில் கோத்த காசு குலுங்குவதுகூடத் தனியாகக் கேட்டது, அதற்காகவே வாங்கினேன். அதற்கப்புறம் முழுக் கச்சேரியை ஒரே மூச்சில் கேட்பது என் வீட்டில் நின்றுபோனது. அந்த இழப்பு இன்னும் மனதில் இருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

டெமோவுக்குப் போகும்போது உங்களுக்கு நன்றாகப் பழகிய பாடல்களை எடுத்துப் போங்கள். வீட்டில் வைக்கும் அளவுக்கு வால்யூமைக் குறைக்கச் சொல்லி அரை மணி நேரமாவது உட்காருங்கள். பாடகர் குரலில் ஸ, ஷ வரும் இடங்கள் சீறுகின்றனவா, வயலின் மேல் ஸ்தாயிக்குப் போகும்போது கம்பி காதில் உரசுகிறதா என்று பாருங்கள். இரண்டு செட்டை ஒப்பிட்டால் இரண்டும் ஒரே சத்த அளவில் இருக்கட்டும். சற்றே உரக்க ஒலிப்பதைத்தான் காது நல்லது என்று சொல்லும்.

உச்ச ஒலிகளைத் தரும் சின்ன ஒலிப்பான்தான் ட்வீட்டர். அதன் குவிந்த முகம் ‘சில்க் டோம், அதாவது துணி, என்றால் மென்மை, உலோகம் என்றால் கீச்சு’ என்று முடிவுகட்டுவது இன்னொரு தவறு. நன்றாகச் செய்த உலோக ட்வீட்டரின் அதிர்வு முறிவு (முகம் ஒரே சீராக அசையாமல் கோணும் நிலை) நம் காதுக்கு எட்டாத 20,000 ஹெர்ட்ஸுக்கு மேலே போய்விடும். கனத்த ஒலிகளைத் தரும் பெரிய வூஃபரும் ட்வீட்டரும் ஒலியைக் கைமாற்றிக்கொள்ளும் இடம்தான் உண்மையில் கவனிக்க வேண்டியது. ஆறரை இன்ச் வூஃபர் 3,000 ஹெர்ட்ஸை நெருங்கும்போது ஒலியைப் பெரும்பாலும் நேராகவே தள்ளும். அங்கிருந்து பொறுப்பேற்கும் ட்வீட்டரோ எல்லாப் பக்கமும் இறைக்கும். சின்ன அறையில் பக்கச் சுவர் இரண்டடி தூரத்தில் நிற்கிறது. அந்த இறைப்பு முழுவதும் சுவரில் பட்டு உடனே உங்களிடம் திரும்பி வரும். கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் ஒலியியல் ஆய்வாளர் ஃபிலாய்ட் டூல் நடத்திய கேட்புச் சோதனைகளில், எந்த ஸ்பீக்கர் ஒலிக்கிறது என்று தெரியாமல் கேட்டவர்கள் விரும்பியது நேரிலும் பக்கவாட்டிலும் சீராக ஒலித்தவற்றைத்தான். அதனால் ஸ்பீக்கர் பக்கவாட்டில் எப்படி ஒலிக்கிறது என்று காட்டும் அளவீட்டு வரைபடம் கிடைத்தால் தவறாமல் பாருங்கள். ட்வீட்டரைச் சுற்றிக் குழிவான வேவ்கைடு இருப்பதும், வூஃபரின் நடுவே ட்வீட்டர் வைத்த கோஆக்சியல் வகையும் இந்த விஷயத்தில் பெரும்பாலும் கைகொடுக்கும்.

ஒலிப்பதிவைச் சரிபார்க்கப் பயன்படும் ஸ்பீக்கருக்கு ‘ஸ்டுடியோ மானிட்டர்’ என்று பெயர். அந்தப் பெயருக்கு மயங்க வேண்டாம், பயப்படவும் வேண்டாம். யமஹா என்எஸ்-10 1978இல் வீட்டு ஸ்பீக்கராக வந்து, பிறகு ஸ்டுடியோக்களில் இடம்பிடித்தது. ஆனால் அங்கேயே பல பொறியாளர்கள் அதன் ட்வீட்டர்மேல் டிஷ்யூ பேப்பர் ஒட்டினார்கள். எழுபதுகளில் பிபிசி தன் ஒளிபரப்பு வேன்களின் குறுகிய அறைக்கென்று வடிவமைத்த எல்எஸ்3/5ஏ-யும் மானிட்டர்தான். அதன் குரல் இனிமைக்காக இன்றும் அதைத் தேடுகிறார்கள்.

அடுத்த தவறு, பேஸ் (கனத்த ஒலி) ஆசையில் பெரிய பெட்டி வாங்குவது. பத்தடி இடைவெளி உள்ள இரண்டு சுவர்களுக்கு நடுவே சுமார் 56 ஹெர்ட்ஸ் ஒலி தானாகவே பெருகும். பேஸைக் கூட்டுவதற்காக ஸ்பீக்கரின் பின்பக்கம் வைத்த துளை சுவரை ஒட்டி நின்றால் இன்னும் மோசம். மிருதங்கத்தின் தொப்பி, அதாவது கனத்த ஒலி தரும் பக்கம், தட்டுக்குத் தட்டு வீங்கும், அதை மீறிப் பாட்டு கேட்க வால்யூமை ஏற்றுவோம், காது இன்னும் அலுக்கும். ஐந்து இன்ச் வூஃபர் போதும். சுவரிலிருந்து தள்ளி வைக்க இடமில்லை என்றால் மூடிய பெட்டியோ முன்துளைப் பெட்டியோ வாங்குங்கள். பின்துளைப் பெட்டி ஏற்கெனவே வீட்டில் இருந்தால் துளையில் ஃபோம் அடைத்துப் பாருங்கள்.

முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டிப் பயனில்லை. மெல்லிய ஜமக்காளமும் உச்ச ட்ரெபிளை மட்டும்தான் கொஞ்சம் உறிஞ்சும். அதைவிடப் பழைய இலவம்பஞ்சு மெத்தையைப் பக்கச் சுவரில் சாய்த்தால் வித்தியாசம் அப்போதே காதுக்குத் தெரியும்.

‘இருநூறு மணி நேரம் ஓடவிடுங்கள், கீச்சு போய்விடும்’ என்று யாராவது சொன்னால் காத்திருக்காதீர்கள். ஓடி ஓடி வரும் மாற்றம் மிகச் சிறியது. அதற்குள் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிந்துவிடும். அந்தக் கெடு முடியும் முன் ட்வீட்டரைக் காது உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். ஸ்பீக்கர்கள் உங்கள் முகத்தைப் பார்க்காமல் எதிர்ச் சுவரை நேராகப் பார்க்கட்டும். இரவில், குறைந்த சத்தத்தில், இரண்டு மணி நேரம் கேளுங்கள். அப்போதும் குத்தினால் பெட்டியில் போட்டு அனுப்பிவிடுங்கள்.