ஸ்காட்லாந்து பவுண்டு நோட்டு கையில் இருக்கிறதா?

எடின்பரோவில் ஏடிஎம்மில் பணம் எடுத்தால், இங்கிலாந்து வங்கியின் நோட்டுக்குப் பதிலாக வேறு வங்கியின் பெயர் இருக்கலாம். கள்ளநோட்டோ என்று பதற வேண்டாம். பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து, ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து, கிளைட்ஸ்டேல் பேங்க் ஆகிய மூன்றும் இன்றும் சொந்தமாக நோட்டு வெளியிடுகின்றன. 1826இல் லண்டன் அரசு சிறு மதிப்பு நோட்டுகளை நிறுத்த முயன்றபோது, எழுத்தாளர் வால்டர் ஸ்காட் பத்திரிகையில் கடிதங்கள் எழுதிக் கடுமையாக எதிர்த்தார், அரசு பின்வாங்கியது. பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து நோட்டுகளில் அவர் முகத்தைப் பாருங்கள். எனக்கு மிகவும் பிடித்த வரலாறு இது!

மதிப்பு அதே பவுண்டுதான். ஆனால் இந்த நோட்டை வாங்கியே தீரவேண்டும் என்று எந்தக் கடைக்காரரையும் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. லண்டனில் சிலர் தயங்குவார்கள். பிரிட்டனுக்கு வெளியே மாற்றுவது இன்னும் கடினம். ஆகவே ஸ்காட்லாந்திலேயே செலவழித்துவிடுங்கள். மீதமிருந்தால் கிளம்பும் முன் அங்குள்ள வங்கியில் இங்கிலாந்து நோட்டாக மாற்றித் தரக் கேளுங்கள். பழைய காகித 20, 50 பவுண்டு நோட்டுகள் 2022 செப்டம்பர் 30க்குப் பிறகு கடைகளில் செல்லாது. சில்லறை வாங்கும்போது பாலிமர் (பிளாஸ்டிக்) நோட்டுதானா என்று தடவிப் பாருங்கள்.