மூன்று வேட்டி, ஒரு டயப்பர் பாக்கெட்

கல்யாணத்துக்கு முன்னால் பாபநாசம் படித்துறையில் இறங்கித் துணி அள்ளிய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நானும் ஒருவன். பரிகாரம் என்று ஆற்றில் விட்டுவிட்டுப் போன சேலையையும் வேட்டியையும் இழுத்து இழுத்து, தாமிரபரணிக்கு நானே பொறுப்பாளி என்கிற மாதிரி ஒரு நினைப்பு வந்துவிட்டது. மனைவி முழுகாமல் இருக்கும்போதே அறிவித்துவிட்டேன்: பிள்ளைக்கு டயப்பர் கிடையாது, துணிதான்.

2023 ஐப்பசியில் மகள் பிறந்தாள். பிரசவத்துக்கு மனைவி போயிருந்தது பாளையங்கோட்டையில் இருக்கும் மாமியார் வீட்டுக்கு. மூன்றாவது வாரம் அத்தை என்னிடம் நேராகச் சொல்லாமல், என் காதில் விழுகிற தூரத்தில் நின்று என் மனைவியிடம் சொன்னார்கள்: "ஏட்டி, ஆத்தைக் காப்பாத்தட்டும், வேண்டாம்ங்கல. என் கை வெந்துபோய்க் கெடக்கத யாரு பாக்கது?"

கொள்கை பேசியது நான். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு துணி அலசியது அவர்கள். அதனால் நான் சொல்லும் முதல் வேலை இதுதான்: துணி கிழிப்பதற்கு முன்னால், துவைக்கப் போவது யார் என்று பேசி முடித்துவிடுங்கள். பச்சை உடம்புக்காரியும் வயதான அம்மாவும் அந்தப் பட்டியலில் வரக்கூடாது. மறுநாளிலிருந்து, திருநெல்வேலி டவுனில் இருக்கும் என் வீட்டிலிருந்து காலை ஆறரைக்கே போய் ஒரு வாளி, சாயங்காலம் ஒரு வாளி நான் அலசினேன். முடியாத நாளில் டயப்பர். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சரி, துணி. கடையில் விற்கும் விலை கூடின துணி டயப்பர் தேவையில்லை. நைந்த எட்டு முழ வேட்டி ஒன்றில், மடித்துக் கட்டத் தோதாகப் பன்னிரண்டு துண்டு கிடைக்கும். மூன்று வேட்டிக்கு 36. காயப்போட்டது, கட்டியிருப்பது, கைவசம் இருப்பது எல்லாம் சேர்த்து இது போதும். கரையைக் கிழித்து எறிந்துவிடுங்கள், பிள்ளையின் தொடையில் உரசும்.

ஒரு எச்சரிக்கை. ஆச்சியின் டிரங்குப் பெட்டியிலிருந்து வந்த வேட்டியில் பாச்சா உருண்டை வாசனை தூக்கலாக அடித்தது. அந்த உருண்டை பெரும்பாலும் நாப்தலீன். ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்கு அது ரத்த சிவப்பணுக்களை உடைத்து மஞ்சள் காமாலை கொண்டுவரும். உங்கள் பிள்ளைக்கு அந்தக் குறை உண்டா என்று சோதிக்காமல் தெரியாது. அதனால் வாசனை போகிற வரைக்கும் துவைத்து வெயிலில் போடுங்கள். போகவில்லையா, அந்த வேட்டி தரை துடைக்கத்தான்.

அலசும் முறை: மலத்தை முதலில் கக்கூஸில் தட்டிவிட்டுப் பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும். எடுத்த எடுப்பில் வெந்நீர் ஊற்றினால் கறை பிடித்துக்கொள்ளும். அப்புறம் சோப்பு, அப்புறம் நுரை போகிற வரைக்கும் இரண்டு மூன்று தண்ணீர். வாசனைக்காக ஊற்றும் திரவம் வேண்டாம், துணி ஈரம் உறிஞ்சாது. தாய்ப்பால் குடிக்கிற பிள்ளையின் கறை கடுகு நிறத்தில் இருக்கும். தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை. ஈரத்தோடு மொட்டை மாடியில் போட்டுவிட்டு மத்தியானம் போய்ப் பார்த்தால் எலுமிச்சை நிறத்துக்கு வெளிறியிருந்தது. இன்னொரு வெயில் பட்டதும் காணோம்.

வெயில்தான் இதில் பாதி கணக்கு. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2008-ல் வெளியிட்ட ஆய்வும் இதையே சொல்கிறது: துணியை எந்திரத்தில் உலர்த்தினால் அதன் நன்மை குறைந்துபோகும், கொடியில் உலர்த்தி, அடுத்த பிள்ளைக்கும் அதையே கட்டினால்தான் லாபம். நம் ஊரில் தை முதல் புரட்டாசி வரை வெயில் சும்மாவே கிடக்கிறது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி வேறு கதை.

அதை எனக்கு விளக்கியது டிசம்பர் 17. ராத்திரியெல்லாம் மழை, கரண்ட் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதெல்லாம் பிறகுதான் தெரியும். வீட்டுக்குள் கட்டின கொடியில் 36 துணியும் சொட்டிக்கொண்டிருக்க, தொட்டியில் மிச்சமிருந்த தண்ணீர் சமைக்கவும் குடிக்கவும்தான். எதிர்வீட்டு மைனி அரை பாக்கெட் டயப்பரைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். வாயே திறக்காமல் வாங்கிக்கொண்டேன். மழை மாதங்களில் ஒரு பாக்கெட் அலமாரியில் இருக்கட்டும். பிள்ளை வளர வளர அளவு மாறும், பார்த்து வாங்குங்கள்.

மற்ற நாட்களில் ராத்திரிக்கு ஒன்று, நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னை போனால் இரண்டு மூன்று, அவ்வளவுதான். மலம் போனால் நடுராத்திரி ஆனாலும் உடனே மாற்ற வேண்டும். தோல் சிவந்திருந்தால் துணியும் வேண்டாம், டயப்பரும் வேண்டாம். பத்தமடைப் பாயில் ஒரு துண்டை விரித்துச் சும்மா போட்டுவிடுங்கள்.

கழற்றினதை என்ன செய்வது? உள்ளே தண்ணீரைக் குடித்து ஊதுகிற பாலிமர், வெளியே பிளாஸ்டிக். மக்காது, எரிக்கக்கூடாது, கக்கூஸில் போட்டால் அடைக்கும். பாளையங்கால்வாயில் ஒன்று சின்னத் தலையணை மாதிரி ஊதிப்போய் மிதந்ததைப் பார்த்திருக்கிறேன். மலத்தைக் கக்கூஸில் தட்டிவிட்டு, இறுக்கச் சுருட்டி, அதிலேயே இருக்கும் ஒட்டியால் ஒட்டி, செய்தித்தாளில் பொதிந்து, தனியாகக் கொடுங்கள். 2016 திடக்கழிவு விதிகளும் பொதிந்து கொடுக்கத்தான் சொல்லியிருந்தன. குப்பை பிரிக்கிறவர் அதைக் கையால்தான் எடுக்கிறார்.

துடைக்க ஈரத் தாள் வேண்டாம், பழைய பனியன் துண்டும் வெதுவெதுப்பான தண்ணீரும் போதும். சட்டைக்குச் செலவே இல்லை. பிறந்த பிள்ளைக்குப் பழந்துணி போடுவது நம் பக்கத்து வழக்கம்தானே. அம்பாசமுத்திரம் மரச் சொப்பு அழகுதான், ஆனால் வாய்க்குள் போகிற அளவு. கொஞ்ச வருஷம் கழித்துக் கொடுங்கள்.

மகளுக்கு இப்போது இரண்டு வயது தாண்டிவிட்டது. 36-ல் இருபத்தொன்று தேறியது. மச்சினிக்கு மாசியில் பிரசவம். துண்டுகளைத் துவைத்துக் காயவைத்து, பாச்சா உருண்டை போடாமல் காய்ந்த வேப்பிலை வைத்துக் கட்டியிருக்கிறேன். காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பார் என்று சகலையிடம்தான் இன்னும் கேட்கவில்லை.