பின்னணி இரைச்சலில் முகம் தொலையாமல் இருக்க

பூ மார்க்கெட்டில் மல்லிகை தொடுக்கும் பாட்டியை ஆசையாகப் படம் எடுக்கிறோம். வீட்டுக்கு வந்து பார்த்தால், பின்னால் தொங்கும் பிளாஸ்டிக் பை, தராசு, விளம்பரப் பலகை எல்லாம் பாட்டியோடு போட்டி போடுகின்றன. நேரில் நம் கண் பாட்டியை மட்டும்தான் பார்த்தது. கேமராவுக்கு அந்தப் பாகுபாடு தெரியாது.

முதலில் தூரத்தைக் கவனியுங்கள். ஆளுக்கும் பின்சுவருக்கும் நடுவே இடைவெளி கூடக்கூட, பின்னணி மங்கும். சுவரில் சாய்ந்து நிற்பவரை நாலடி முன்னால் வரச் சொன்னாலே பாதி வேலை முடிந்தது. அப்புறம் நீங்களும் நெருங்கிப் போங்கள். கேமராவில் 50 எம்.எம். லென்ஸ் இருந்தால், அதன் துளையை எஃப்/2 அளவுக்கு அகலமாகத் திறந்து வைத்து, கண்ணில் ஃபோகஸ் செய்யுங்கள்.

பாட்டியை எழுப்ப முடியாதே? சரி, நாம் நகரலாம். எழுந்து நின்று மேலிருந்து எடுத்தால், சாக்கில் குவித்த மல்லிகையே பின்னணியாகிவிடும்.

போனில் பின்னணியைத் தானே மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் மோடு உண்டு. ஆனால் முடியோரத்தையும் கம்மலையும் சில சமயம் சேர்த்தே மங்கலாக்கிவிடும். எனக்கு அதைவிட வெளிச்ச வித்தியாசம்தான் பிடிக்கும். முகம் கடை வாசல் வெளிச்சத்தில், பின்னால் கடையின் உள்ளிருட்டு. திரையில் முகத்தைத் தொடுங்கள். பல போன்களில் பக்கத்திலேயே ஒரு சூரியக் குறி வரும். அதை மெல்லக் கீழே இழுங்கள். பையும் தராசும் கறுப்பில் அமிழ்ந்து, பாட்டியின் சுருக்கங்களும் விரலில் சுற்றிய நாரும் மட்டும் பளிச்சென்று நிற்கும்.

பட்டனை அழுத்தும் முன், தலைக்குப் பின்னால் கம்பம் ஏதும் முளைத்திருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.