கண்டெய்னரை விட்டுக் கால்நடை ஏற்றப் போகும் லாரி ஓட்டுநருக்கு

தென்னாப்பிரிக்காவில் டர்பன் துறைமுகத்திலிருந்து ஜோகன்னஸ்பர்க் வரை என்3 நெடுஞ்சாலையில் பத்துப் பதினைந்து ஆண்டுகள் கண்டெய்னர் இழுத்த ஒருவருக்கு, மாடு ஏற்றும் வேலையில் புதிதாகக் கற்க என்ன இருக்கிறது என்று தோன்றுவது இயல்புதான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் கண்டெய்னருக்குள் இருக்கும் சரக்கு, கட்டிய இடத்தில் கட்டியபடி கிடக்கும். மாடு அப்படிக் கிடக்காது. பிரேக்கை மிதித்தால் முன்னே தள்ளும், வளைவில் ஒரு பக்கம் சாயும், மிரண்டால் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். வண்டிச் சாவியைத் திருப்புவதற்கு முன்பே இந்தத் தொழிலில் பாதி வேலை முடிந்திருக்க வேண்டும் என்பதை நான் சற்றுத் தாமதமாகவே புரிந்துகொண்டேன்.

ட்ரெய்லர் இழுக்கும் கனரக வண்டிக்கான இசி பிரிவு உரிமமும், சரக்கு வண்டிக்கான தொழில்முறை ஓட்டுநர் அனுமதியும் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும். அந்த அனுமதி 24 மாதங்களில் காலாவதியாகும் என்பதை மட்டும் மறவாதீர்கள். உண்மையான சிக்கல் கால்நடைக்குரிய தாள்களில் இருக்கிறது. 1959ஆம் ஆண்டின் கால்நடைத் திருட்டுச் சட்டத்தின்படி, பிறருடைய மாட்டையோ ஆட்டையோ பொதுச் சாலையில் கொண்டுசெல்பவர் உரிமையாளரின் எழுத்துச் சான்றைக் கையில் வைத்திருக்க வேண்டும். எங்கிருந்து எங்கே போகிறது, எத்தனை உருப்படி, என்ன நிறம், என்ன பால், என்ன சூட்டுக்குறி என்பவையெல்லாம் அதில் இருக்க வேண்டும். பண்ணையார் அவசரத்தில் நீட்டும் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளாமல், பட்டியின் வேலியருகே நின்று எண்ணிக்கையையும் சூட்டுக்குறியையும் நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். தாளில் 20 என்றும் வண்டியில் 21 என்றும் இருந்தால், இரவில் சாலையில் நிறுத்தும் காவலர் பண்ணையாரைத் தேடிப் போக மாட்டார்; கேள்வியெல்லாம் உங்களிடம்தான் வரும்.

அடுத்தது கோமாரி, அதாவது மாடு ஆடுகளுக்கு வாயிலும் குளம்பிலும் புண் வரும் தொற்றுநோய். நோய் இல்லாத பகுதி என்று தென்னாப்பிரிக்கா பெற்றிருந்த உலகளாவிய அங்கீகாரம் 2019இல் பறிபோனது. 2021 மே மாதத்தில் டர்பன் இருக்கும் குவாசூலு-நடால் மாகாணத்திலும் நோய் தென்பட்டது. 2022 ஆகஸ்டில் நாடு முழுவதும் மாடுகளை இடம்மாற்றுவதற்கே 21 நாள் தடை விதிக்கப்பட்டது. மாடு மட்டுமே ஏற்றிவந்த வண்டிகளுக்கு அந்த மூன்று வாரமும் வேலையில்லை. அதன்பின், பிளவுபட்ட குளம்புள்ள எந்த விலங்கை இடம்மாற்றினாலும் அது நலமாக இருக்கிறது என்ற எழுத்து உறுதிமொழி தேவை என்றும், வந்து சேர்ந்த இடத்தில் அதை 28 நாள் தனியே வைக்க வேண்டும் என்றும் விதி வந்தது. நோய் காரணமாகக் கட்டுப்படுத்தப்பட்ட பகுதியிலிருந்து ஏற்றுவதானால் அரசுக் கால்நடை மருத்துவரின் அனுமதிச்சீட்டும் வேண்டும். அந்தப் பகுதிகளின் எல்லைக்கோடுகள் அடிக்கடி மாறுவதால், போன மாதம் செல்லுபடியான பாதை இந்த மாதமும் செல்லும் என்று எண்ணாமல், ஒவ்வொரு பயணத்துக்கும் முன் அந்த மாவட்டக் கால்நடை மருத்துவர் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசிவிடுங்கள்.

ஏற்றும் வேலையில்தான் கண்டெய்னர்க்காரரின் பொறுமை சோதிக்கப்படும். மாட்டுக்கு இரு பக்கமும் ஏறக்குறைய முழுச் சுற்றும் தெரியும். நேர் பின்னால் மட்டும் தெரியாது. அதனால் பின்னாலிருந்து கத்துபவர் அதற்கு அச்சமூட்டுகிறவரே தவிர, வழிகாட்டுகிறவர் அல்லர். தோள்பட்டைக்குச் சற்றுப் பின்னே, பக்கவாட்டில் நின்று ஓர் அடி எடுத்து வையுங்கள். மாடு முன்னே நடக்கும். தோளுக்கு முன்னே போய் நின்றால் அது திரும்பிவிடும். சாய்தளத்தின்மேல் விழும் கம்பி நிழல், தேங்கிய நீர், வேலியில் யாரோ தொங்கவிட்ட மேல்சட்டை, இவற்றில் ஏதாவது ஒன்று போதும், முதல் மாடு நின்றுவிடும். முதல் மாடு நின்றால் பின்னால் உள்ள பத்தொன்பதும் நிற்கும். அப்போது மின்னதிர்ச்சி தரும் கோலைத் தேடாதீர்கள். அந்தச் சட்டையை எடுத்துவிடுங்கள். கொக்ஸ்டாட் பக்கத்துப் பண்ணை ஒன்றில் ஒரு முதிய சூலு மேய்ப்பர், நாங்கள் அரைமணி நேரம் போராடிய கூட்டத்தை, சாய்தளத்தில் இரண்டு கை உலர்ந்த சாணத்தைத் தூவி ஐந்தே நிமிடத்தில் ஏற்றிவிட்டார். இரும்பின் பளபளப்புதான் அவற்றை மிரட்டியிருக்கிறது.

கணக்கு எளிது. வளர்ந்த மாடு ஒன்றுக்குச் சுமார் 1.4 சதுர மீட்டர் தரை வேண்டும். உள்ளே 2.4 மீட்டர் அகலமும் 12 மீட்டர் நீளமும் உள்ள தளத்தில் ஏறத்தாழ 20 மாடுகள் நிற்கும். மாடு ஒன்று 450 கிலோ என்றாலும் மொத்தம் 9 டன்தான். கண்டெய்னரில் நாம் எப்போதும் எடையைப் பார்த்து அஞ்சுவோம். இங்கே எடைக்கு முன்பே இடம் தீர்ந்துவிடும். நெருக்கினால் விழுந்த மாடு எழ முடியாது. தாராளமாக விட்டாலும் ஆபத்துதான். ஒவ்வொரு பிரேக்குக்கும் மொத்தக் கூட்டமும் முன்னே சரியும். ஆகவே தடுப்புக் கதவுகளால் சிறு சிறு அறைகளாகப் பிரியுங்கள். கொம்புள்ளதையும் கொம்பில்லாததையும், காளையையும் கிடாரியையும் சேர்த்து நிறுத்தாதீர்கள். நொண்டுவதையும், கன்று ஈனும் நாள் நெருங்கியதையும் ஏற்ற மறுத்துவிடுங்கள். 1962ஆம் ஆண்டின் விலங்குகள் பாதுகாப்புச் சட்டம் வண்டியில் விலங்குக்குத் தேவையற்ற துன்பம் ஏற்படுவதைக் குற்றமாகவே பார்க்கிறது. பண்ணையார் வற்புறுத்தினார் என்பது அங்கே எடுபடாது.

என் முதல் பயணத்தில் நடுத்தடுப்பின் தாழ்ப்பாளைச் சரியாகப் போடாமல் கொக்ஸ்டாடிலிருந்து கிளம்பினேன். ஹார்டிங் நோக்கி இறங்கும் வளைவொன்றில், வழக்கமாகக் கண்டெய்னருக்குப் போடும் அளவுக்கே பிரேக் போட்டேன். பின்னால் ஒரு பெருமூச்சு போன்ற ஓசை கேட்டது. ட்ரெய்லர் என்னை முன்னே தள்ளியது. நிறுத்திப் பார்த்தபோது, தடுப்பு திறந்து, காயடித்த காளை ஒன்று மற்றவற்றின் காலடியில் கிடந்தது. அதை எழுப்பிவிட்டோம். ஆனால் இறைச்சிக்கூடத்தில் கன்றிப்போன தொடைப்பகுதியை வெட்டி எறிந்தார்கள். அதற்கான தொகை என் கூலியிலிருந்து போயிற்று, அது நியாயமும்கூட.

அதிலிருந்து என் ஓட்டும் முறையே மாறிவிட்டது. கிளம்பிய அரைமணி நேரத்துக்குள் ஒருமுறை நிறுத்தி, எல்லாம் நான்கு காலில் நிற்கின்றனவா என்று பார்க்கிறேன். வளைவுக்குள் நுழைந்தபின் வேகம் குறைப்பதில்லை. நுழையும் முன்பே குறைக்கிறேன். வான் ரீனன் கணவாய் போன்ற இறக்கத்தில் எஞ்சின் பிரேக்கையும் கீழ் கியரையுமே நம்புகிறேன். கனரக வண்டிக்கு 80 கிலோமீட்டர் என்பது சட்டம் தரும் உச்சவரம்பு. மாடு தாங்கும் வேகம் பல இடங்களில் அதைவிடக் குறைவு. அடிபட்டும் மிரண்டும் வந்த மாட்டின் தசையில் சர்க்கரைச் சேமிப்பு தீர்ந்துபோவதால் இறைச்சி கறுத்து, உலர்ந்து, விலை குறைகிறது. உங்கள் கால் எப்படி மிதித்தது என்பது இறைச்சிக்கூடத்தில் தொங்கும் சதையில் மறுநாள் தெரிந்துவிடும்.

இங்கே கோடையான ஜனவரி, பிப்ரவரியில் கடற்கரையை நோக்கி இறங்கும்போது பகலைத் தவிர்த்து இரவில் ஓட்டுங்கள். நகரும் வண்டியில் காற்று உண்டு. வெயிலில் நிற்கும் வண்டி அடுப்புதான். பன்றிக்கு வியர்க்காது என்பதால் அதற்கு இது உயிர்ப் பிரச்சினை. அடுக்குத் தளங்களில் ஏற்றும் செம்மறிக்கு வண்டியின் உயரம் 4.3 மீட்டரைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலைக்குள் நுழைய நல்ல நேரம் பால் மறந்த கன்றுகள் ஏலத்துக்கு வரும் காலம், அதாவது மார்ச் முதல் ஜூன் வரை. அப்போது வண்டிகளுக்குத் தட்டுப்பாடு வரும். ஏல நாளில் போய், அனுபவமுள்ள ஓட்டுநர் ஒருவரிடம், "அண்ணே, கூலி வேண்டாம், ரெண்டு டிரிப் கூட வர்றேன்" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். விலை பேசும்போது, திரும்பும் வழியில் கண்டெய்னர்போல வேறு சரக்கு கிடைக்காது என்பதையும், கழுவும் செலவையும் சேர்த்தே பேசுங்கள். வழக்கமான சரக்குக் காப்பீட்டில் உயிருள்ள விலங்கு பெரும்பாலும் அடங்காது. அதற்கான பிரிவைத் தனியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

நம் வீடுகளில் எழும் இன்னொரு கேள்வியையும் சொல்லாமல் விட முடியாது. மாட்டை வெட்டக் கொண்டுபோகிறாயா என்று டர்பனில் நம்மவர் வாழும் சாட்ஸ்வொர்த்தில் என் அத்தை ஒரு மாதம் பேசவில்லை. மனம் ஒப்பாதவர் ஆடு மட்டும் ஏற்றலாம். சூலுக் குடும்பச் சடங்குகளுக்கும், குர்பானிக்கும், நம் ஆடிக் கூழ் வழிபாட்டுக்கும் ஆட்டுக்குத் தேவை குறைவதே இல்லை. கறவை மாட்டைப் பண்ணைக்குப் பண்ணை மாற்றும் வேலையும் உண்டு. நான் இரண்டாவதைத்தான் அத்தையிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

இறக்கியபின் எண்ணிக்கையையும், காயம் இருந்தால் அதையும் ரசீதில் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். பிறகு அன்றே வண்டியைக் கழுவிக் கிருமிநாசினி தெளியுங்கள்; சாணம் ஒரு நாள் காய்ந்தால் கழுவ இரட்டிப்பு நேரமாகும், மூத்திரம் தரைத்தகட்டை அரிக்கத் தொடங்கிவிடும். கழுவிய இடத்தில் தரும் சீட்டையும் கோப்பில் வையுங்கள். கோமாரிக்கு அஞ்சும் பண்ணையார்கள் வாயிற்கதவைத் திறக்கும் முன்பே அதைத்தான் கேட்கிறார்கள்.