‘எல்லோஜாக்கெட்ஸ்’ எங்கே சறுக்கியது? இரட்டைக் காலத் தொடர்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அன்றும் இன்றுமாக மாறி மாறி ஓடும் மர்மத் தொடர்களுக்கு முதல் சீசன் பெரும்பாலும் நன்றாகவே அமைந்துவிடும். இரண்டாவதில்தான் வண்டவாளம் தெரியும். 2021 நவம்பரில் ஷோடைம் என்ற அமெரிக்கச் சேனலில் தொடங்கிய ‘எல்லோஜாக்கெட்ஸ்’ இதற்கு நல்ல உதாரணம். 1996இல் நியூ ஜெர்சி பள்ளியொன்றின் பெண்கள் கால்பந்து அணி, தேசியப் போட்டிக்காக சியாட்டிலுக்குப் பறக்கிறது. விமானம் கனடாக் காட்டில் விழ, 19 மாதம் அங்கேயே கிடக்கிறார்கள். மறுபக்கம் 2021. பிழைத்து வந்தவர்கள் நாற்பது வயதைத் தாண்டி, காட்டில் நடந்ததை யாரிடமும் சொல்லாமல் வாழ்கிறார்கள்.

இதுவரை மூன்று சீசன், 29 எபிசோடு. நான்காவதோடு முடியும் என்று அறிவித்தும்விட்டார்கள். தொடர் கெட்டுப்போய்விட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் முதல் சீசனின் பிடி பிறகு இல்லை. ஏன் என்று பார்த்தால், இந்த மாதிரிக் கதை எழுத உட்காருபவர்களுக்கு உபயோகமான சில விஷயங்கள் கிடைக்கும். முக்கியமான திருப்பங்கள் எல்லாம் கீழே வருகின்றன. இன்னும் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

முதல் தவறு, எல்லாவற்றிலும் பெரியது: நிகழ்காலத்துக்குச் சொந்தமாக ஒரு கேள்வி இல்லாமல், பழைய கதை திரும்பி வரும்வரை நேரத்தை ஓட்டுவது.

முதல் சீசனில் இந்தத் தவறு இல்லை. காட்டில் பார்த்த விநோதக் குறி வரைந்த தபால் அட்டைகள் பிழைத்து வந்தவர்களுக்கு வருகின்றன. கூடவே பணம் கேட்டு மிரட்டல். அந்தக் குறி தெரிந்தவர் யார்? அவர்களில் ஒருத்தியான ஷானா தன் கள்ளக் காதலன் ஆடமைச் சந்தேகித்துக் குத்திக் கொன்றே விடுகிறாள். கடைசியில் பார்த்தால் மிரட்டியது அவள் கணவன் ஜெஃப். ஃபர்னிச்சர் கடை கடனில் மூழ்கிக்கொண்டிருந்தது, அதற்குத்தான் பணம். மனைவியின் காட்டு நாட்குறிப்புகளை அவன் எப்போதோ படித்திருக்கிறான். எல்லாம் தெரிந்துதான் இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியிருக்கிறான்! இந்த ஒரே விடை மர்மத்தை உடைக்கிறது, அந்தக் கல்யாணத்தையே வேறு கண்ணால் பார்க்க வைக்கிறது, அப்புறம் அந்த நாட்குறிப்பில் அப்படி என்னதான் இருக்கிறது என்று நம்மைக் காட்டுக்கும் திருப்பி அனுப்புகிறது.

இரண்டாவது சீசனுக்கு வாருங்கள். ஆடம் கொலையைப் போலீஸ் துருவுகிறது. எபிசோடு எபிசோடாக விசாரணை இழுக்கிறது. கடைசியில், பிழைத்தவர்களில் இன்னொருத்தியான மிஸ்டியின் புது நண்பன் வால்டர், கெவின் என்கிற போலீஸ்காரனுக்குச் சூடான சாக்லேட் பானத்தில் விஷம் வைத்து, பழியையும் அவன் மேலேயே போட்டுக் கணக்கை முடிக்கிறான். இந்த முழுக் கிளையையும் வெட்டி எடுத்துவிட்டால் 1996 பற்றி நாம் புரிந்துகொண்டதில் ஏதாவது குறையுமா? ஒன்றும் குறையாது. நிகழ்காலக் காட்சி எதை எழுதினாலும் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்ப்பது நல்லது.

இரண்டு காலமும் ஒன்றோடொன்று மோத வேண்டும். 2014இல் வந்த ‘ட்ரூ டிடெக்டிவ்’ முதல் சீசனின் ஐந்தாவது எபிசோடை எடுத்துக்கொள்ளுங்கள். 2012இல் ரஸ்ட் கோல், மார்ட்டி ஹார்ட் என்ற இரண்டு துப்பறியும் போலீஸ்காரர்களும் தனித்தனியே வாக்குமூலம் தருகிறார்கள்: எதிரி சுட ஆரம்பித்தான், நாங்கள் திருப்பிச் சுட்டோம். திரையில் ஓடுவது 1995. அங்கே அப்படி எதுவுமே நடக்கவில்லை. விலங்கு மாட்டி மண்டியிட்டிருந்தவனை ஹார்ட் தலையில் சுடுகிறார்; அப்புறம் கோல் துப்பாக்கியை எடுத்துப் புதர்களை நோக்கிச் சுட்டு, சண்டை நடந்த மாதிரி ஆக்குகிறார். காதில் பொய், கண்ணில் உண்மை. இதை ஒரே காலத்தில் நடக்கும் கதையில் இவ்வளவு கச்சிதமாகச் செய்ய முடியாது.

அடுத்தது அவ்வளவாக யாரும் பேசாத தவறு: பிழைத்தவர்களைத் தாராளமாக அறிமுகப்படுத்துவது. முதல் சீசனில், அணியில் ஒருத்தியான வேன் பால்மரின் முகத்தை ஓநாய் கிழித்துவிடும். செத்துவிட்டாள் என்று சிதையில் வைத்துத் தீ மூட்டுவார்கள், அவள் இருமிக்கொண்டு எழுவாள். அவள் ஊர் திரும்பினாளா என்று நமக்குத் தெரியாததால்தான் அந்தக் காட்சி அப்படிப் பதற வைத்தது. இரண்டாவது சீசனில் வளர்ந்த வேன் வீடியோ கடை நடத்திக்கொண்டிருக்கிறாள். அணியிலிருந்த லாட்டியும் உயிரோடு இருக்கிறாள். மூன்றாவதில் மெலிஸாவும் வந்துவிடுகிறாள். பெரிய நடிகையைப் போட்டால் ஒரு வாரம் பேச்சாக இருக்கும், சரி. ஆனால் இப்படி வருகிற ஒவ்வொருவருக்கும் இனிக் காட்டில் உயிராபத்து இல்லை என்று ஆகிவிடுகிறது.

ஒரே கேள்வியை ரொம்ப நாள் பூட்டி வைப்பதும் ஆபத்து. முதல் எபிசோடின் முதல் காட்சியில் பனியில் வெறுங்காலோடு ஓடிக் குழியில் விழுந்து சாகும் பெண் யார்? 2025 ஏப்ரலில், மூன்றாவது சீசன் முடிவில்தான் அது மாரி என்று தெரிந்தது. அதற்குள் ரசிகர்கள் பலர் யூகித்து முடித்துவிட்டார்கள். “பதிலே சொல்லாமல் இழுக்கிறார்கள்” என்று அவர்கள் திட்டினாலும், எனக்குத் தாமதம் பெரிய குற்றமாகப் படவில்லை. முதல் சீசனில் மாரி கூட்டத்தில் ஒருத்தியாகத்தான் இருந்தாள். அந்தப் பெண்ணை நமக்குப் பிடிக்க வைக்கும் வேலையை முன்கூட்டியே தொடங்கியிருந்தால், யூகித்தவர்களுக்கும் அந்தக் குழி வலித்திருக்கும்.

எங்கே முடிக்கிறோம் என்று தெரியாமல் ஓடுவதைப் பற்றி, விமானம் விழுந்து தீவில் மாட்டிக்கொண்டவர்களின் கதையான ‘லாஸ்ட்’ தொடரின் காலத்திலேயே பேசித் தீர்த்துவிட்டார்கள். 2007இல் அதன் நாயகன் ஜாக் பச்சை குத்திக்கொண்ட கதைக்கென்று ஒரு முழு எபிசோடு செலவானபோது, ஃபிளாஷ்பேக்கில் சரக்கு தீர்ந்துவிட்டது ஊருக்கே தெரிந்தது. அதே ஆண்டு மே மாதம், இன்னும் 48 எபிசோடு, 2010இல் முற்றுப்புள்ளி என்று அதை ஒளிபரப்பிய ஏபிசி சேனல் அறிவித்தது.

‘எல்லோஜாக்கெட்ஸை’ உருவாக்கிய ஆஷ்லி லைலும் பார்ட் நிக்கர்சனும் ஆரம்பத்தில் ஐந்து சீசன் என்றுதான் திட்டம் வைத்திருந்தார்கள். நான்காகக் குறைந்தது நல்லதற்குத்தான் என்று நினைக்கிறேன். மூன்றாவது சீசன் முடிவில் காட்டில் இருக்கும் பதின்வயது நாட்டலி சாட்டிலைட் போனில் வெளியுலகத்தைத் தொட்டுவிட்டாள், அதனால் காட்டில் இனி அதிக நாள் இல்லை. நிகழ்காலத்தில், கூடப் பிழைத்த டயீசாவும் மிஸ்டியும் ஷானாவுக்கு எதிராகத் திரும்பிவிட்டார்கள். முதல் சீசனுக்கு அப்புறம் இப்போதுதான் 2021 பக்கத்துக்கு உருப்படியான ஒரு சண்டை கிடைத்திருக்கிறது. இந்தத் தடவையாவது குறுக்கே ஒரு போலீஸ் விசாரணையைக் கொண்டுவந்து நுழைக்காமல் இருந்தால் சரி.