சதுப்பு மலையைக் கடந்து கடலுக்கு: ஒரு நாள் நடையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட்டுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஏதாவது ஒரு சிகரம் ஏறிவிட்டு, காரை நிறுத்திய இடத்துக்கே திரும்பிவிடுகிறார்கள். மலையின் இந்தப் பக்கம் கிளம்பி அந்தப் பக்கம் கடலில் முடிகிற நடை வேறு ரகம். லாங்டேல் பள்ளத்தாக்கின் மேல்கோடியில் தொடங்கி, போஃபெல் மலைக்கும் கிரிங்கிள் கிராக்ஸுக்கும் நடுவிலுள்ள த்ரீ டார்ன்ஸ் கணவாயைத் தாண்டி, எஸ்க் ஆற்றோடு இறங்கி, மன்காஸ்டர் ஃபெல் என்ற மேட்டின் மேலாக ராவன்கிளாஸ் ஊரை அடைகிற வழியை எடுத்துக்கொள்வோம். தூரம் முப்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. உயரம் யாரையும் மிரட்டாது. ஆளைச் சோர்வடையச் செய்வது ஈரம்தான். இங்கே நடக்கும் தவறுகளில் பாதிக்கு மேல், கால் நனையாமல் போய்ச் சேர்ந்துவிடலாம் என்ற ஆசையில் பிறப்பவை.

அந்த ஆசைக்குத் தீனி போடுவது 'வாட்டர்ப்ரூஃப்' பூட்ஸ். பனித்துளிக்கும் சிறு தூறலுக்கும் அது சரி. ஆனால் கணுக்காலுக்கு மேல் ஒருமுறை சேறு ஏறிவிட்டால், வெளியிலிருந்து தண்ணீரை உள்ளே விடாத அதே படலம், உள்ளே வந்த தண்ணீரை வெளியேயும் விடாது. மாலைவரை அதைச் சுமந்துகொண்டே நடக்க வேண்டியதுதான். கோடையில் வலைத்துணி வைத்த இலகுவான ஷூவும் கம்பளி சாக்ஸும் போதும் என்பது என் கட்சி. நனையும், பத்து அடி நடந்ததும் தண்ணீர் பிதுங்கி வெளியே போய்விடும். குளிர்காலத்தில் இந்த வாதம் செல்லாது. அப்போது பூட்ஸும், அதன் மேல் கணுக்காலைச் சுற்றி மாட்டும் கெய்ட்டர் உறையும் வேண்டும். ஜீன்ஸ் எந்தக் காலத்திலும் வேண்டாம். நனைந்த பருத்தித் துணி, காற்றடிக்கும் கணவாயில் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும்.

அடுத்த தவறு, வரைபடத்தில் சமதரையைக் கண்டு மகிழ்வது. சமவுயரக் கோடுகள் நெருங்கியிருந்தால் ஏற்றம், விலகியிருந்தால் சுகம் என்று படித்திருப்போம். இந்த மலைகளில் விலகிய கோடுகளுக்கு நடுவேதான் தண்ணீர் தேங்குகிறது. ஸ்காஃபெல் மலையடியில் இருக்கும் கிரேட் மாஸ் சமவெளி இதற்கு நல்ல உதாரணம்: தாளில் மைதானம், காலடியில் ஊறிய மெத்தை. அதேபோல பிரிட்டனின் நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் வரைபடத்தில் பச்சை நிறத்தில் ஓடும் விட்டுவிட்ட கோடு, அந்த வழியே நடக்க உங்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு என்று மட்டுமே சொல்கிறது. தரையில் தடம் இருக்கிறதா என்பதற்குக் கறுப்புக் கோட்டைப் பார்க்க வேண்டும். பச்சைக் கோட்டை நம்பி இறங்கி, இடுப்பளவு பெரணிக்குள் நின்று விழிப்பவர்கள் எல்லா ஆகஸ்டிலும் உண்டு. பெரணிக்குள் உண்ணியும் இருக்கும். இரவு படுக்கும் முன் கால்களைச் சோதித்துவிடுங்கள்.

வரைபடத்தைவிட நம்பகமாகப் பேசுவது செடிகொடி. கண்ணைப் பறிக்கும் இளம்பச்சையிலோ, செம்பச்சையிலோ பூரித்துக் கிடக்கும் திட்டு ஸ்பாக்னம் பாசி. தன் உலர்ந்த எடையைப் போல் இருபது மடங்கு வரை தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பிராணி அது; பிராணி என்றது கோபத்தில். ஊன்றுகோலை அதில் வைத்து அழுத்திப் பாருங்கள், எதிர்ப்பே இல்லாமல் இறங்கும். ஜூன் மாதத்தில் வெள்ளைப் பஞ்சுக் குஞ்சம் ஆடும் புல் தெரிந்தால், அதன் கீழும் சதுப்புத்தான். கோரை மாதிரி நெட்டாக நிற்கும் ரஷ் புல்லும் ஈரத்தையே காட்டும், ஆனால் அதன் தூர் கெட்டி. தூருக்குத் தூர் கால் வைத்துக் கடக்கலாம். ஹெதர் என்ற குட்டைப் புதரும் பெரணியும் வளர்ந்த இடம் ஓரளவு காய்ந்த தரை.

இப்படிப் பார்த்து நடப்பது வேறு, ஒவ்வொரு சேற்றுக்கும் பயந்து சுற்றிப்போவது வேறு. சுற்றிப்போகிறவர் ஐந்து நிமிடத்தில் திசையை விடுகிறார். மூடுபனியில் அது பக்கத்துப் பள்ளத்தாக்கில் கொண்டுபோய் விடும். எல்லோரும் இப்படிச் சுற்றினால் பாதையும் அகலமாகிக்கொண்டே போகிறது. ஆண்டுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் மட்டுமே சேரும், மட்கிய செடிகளாலான பீட் மண் அது, மிதிபட்டால் ஆறாது. கணுக்கால் ஆழம் என்றால் நேரே நடந்துவிடுங்கள். முழங்கால்வரை போய்விட்டால் வெடுக்கென்று இழுக்காதீர்கள். ஷூ உள்ளேயே தங்கிவிடும். பின்னால் சாய்ந்து உட்கார்ந்து, பாதத்தை ஆட்டி ஆட்டி, காற்று புகுந்ததும் மெல்ல உருவ வேண்டும்.

நேரக் கணக்கில் ஏமாறாதவர்கள் குறைவு. ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி, அறுநூறு மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி என்று 1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் சொன்ன விதிப்படி இந்த நடைக்கு ஏழு மணி நேரம் வரும். சதுப்பு அந்த விதிக்குக் கட்டுப்படுவதில்லை, சாப்பாட்டு நேரமும் அதில் இல்லை. ஒன்பது, பத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜூனில் கவலையில்லை, டிசம்பரில் பகலே ஏழரை மணி நேரம்தான். டார்ச்சும் விசிலும் பையில் இருக்கட்டும். நிமிடத்துக்கு ஆறு விசில் என்பது ஆபத்துச் சமிக்ஞை. போனில் சிக்னல் கிடைத்தால் அவசர எண்ணான 999-ஐ அழைத்து முதலில் போலீஸ், பிறகு மலை மீட்புக் குழு என்று கேட்க வேண்டும்.

மழைக்குப் பிறகு எஸ்க் ஆறு சட்டென்று பெருகும். பூட் கிராமத்தருகே செயின்ட் கேத்தரின் தேவாலயத்துக்குக் கீழே வரிசையாக இருக்கும் மிதிகற்கள் அப்போது தண்ணீருக்கடியில் போய்விடும். அவற்றை நம்பித் திட்டமிட வேண்டாம். எந்தக் கரையில் நடப்பது என்பதை மேலே பாலம் இருக்கும் இடத்திலேயே முடிவுசெய்யுங்கள்.

மன்காஸ்டர் ஃபெல்லை அலட்சியம் செய்வதுதான் அனுபவசாலிகளும் செய்யும் தவறு. வெறும் 231 மீட்டர், காலையில் ஏறியதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை என்று தோன்றும். ஆனால் கால் களைத்த பிறகு வருகிற சதுப்பு அது. 1883 என்று பொறித்த பெரிய பலகைக்கல் ஒன்று, வேட்டைக்கு வந்தவர்கள் சாப்பாட்டு மேசையாகப் போட்டது, வழியில் கிடக்கிறது. அதைச் சுற்றியுள்ள தரையும் பஞ்சாகத்தான் இருக்கும். நாலு மணிக்கு மேல், இந்த மேட்டுக்கு முன்னால் வரும் எஸ்க்டேல் கிரீன் ஊரை அடைகிறவர்கள், பதினைந்து அங்குல அகலத் தண்டவாளத்தில் ஓடும் சின்ன ரயிலில் ஏறி ராவன்கிளாஸ் போய்விடுவதில் எந்தக் கௌரவக் குறைவும் இல்லை. குளிர்காலத்தில் அது தினமும் ஓடாது என்பதால் அட்டவணையை முன்னாலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடல் தெரிந்ததும் ஓதத்தை, அதாவது கடல்நீர் ஏறி இறங்குவதை, மறப்பது கடைசித் தவறு. இர்ட், மைட், எஸ்க் மூன்று ஆறுகளும் கூடும் கழிமுகம் அது. ஓதம் ஏறும்போது கரையோரப் பாதை தண்ணீருக்குள் போய்விடும். ஓத அட்டவணை சாதகமாக இல்லையென்றால், நாலு மீட்டர் உயரச் சுவர்களோடு நிற்கும் ரோமானியக் குளியலறை இடிபாட்டை ஒட்டிய சந்து வழியே ஊருக்குள் போங்கள். ரயில் நிலையம் அங்கிருந்து சில நிமிட நடை. காய்ந்த சாக்ஸ் ஒரு ஜோடியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி அந்த ரயில் பயணத்துக்காகவே எடுத்துவைத்திருங்கள்.